சிராங்கூனுக்குப் போகும் முன்

முருங்கைக்கீரை, சுண்டைவற்றல், வாழையிலை, மல்லிகைச் சரம். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நடை நடந்தால் ஊரில் இருப்பதில் முக்கால்வாசி கண்ணில் பட்டுவிடும். தேக்கா சந்தையில் மீன் வாங்கலாம். வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு முஸ்தபாவில் அம்மாவுக்குத் தைலம் வாங்கலாம். ஆனால் ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதே சிலர் பையின் அடியில் திணித்துக்கொண்டு போகும் ஒரு பொட்டலம் அங்கே குற்றம். குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி எல்லாவற்றையும் 2016 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூர் தடை செய்திருக்கிறது. விற்றால்தான் தப்பு என்றில்லை. சட்டைப்பையில் இருந்தாலே அபராதம். தமிழ்நாட்டிலும் குட்காவுக்குத் தடைதான், இருந்தும் பெட்டிக்கடையில் கிடைக்கிறதே என்ற நினைப்போடு விமானம் ஏறாதீர்கள். சிகரெட்டிலும் கவனம். ஒரு பாக்கெட்டுக்குக்கூட அங்கே வரிவிலக்கு கிடையாது.

அடுத்தது பீர். பத்துப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் தொழிலாளர் விடுதி அறையில் நண்பர்களோடு உட்கார்ந்து பேச இடம் ஏது? அதனால்தான் ஒருகாலத்தில் புல்தரைகளில் கூடினார்கள். 2013 டிசம்பர் 8 இரவு, சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் புதிய மதுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலோ சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் கேனைத் திறப்பதே குற்றம். வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுப்பு உள்ளவனுக்கு அந்த ஒரு நாளையும் சேர்த்து மூடிய சட்டம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் வேலை பெர்மிட்டைப் பணயம் வைத்து மீறிப் பார்க்கும் சட்டமும் இது அல்ல. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை.

பொட்டலத்தையும் பீரையும்விட ஆபத்தானவன் 'நம்ம ஊர்க்காரன்'. டீக்கடையில் அறிமுகமாகி, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து, இரண்டு வாரம் கழித்து, "தம்பி, உன் ஏடிஎம் கார்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் இருநூறு வெள்ளி தரேன்" என்பான் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போகும். போலீஸ் வரும்போது கணக்கு உங்கள் பெயரில் இருக்கும், ஊர்க்காரன் இருக்கமாட்டான். சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லை இன்னொருவர் குற்றம் செய்யக் கொடுப்பதைத் தண்டிக்க 2024இல் தனிச் சட்டப்பிரிவே வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப்பில் ஆவணம் கேட்காமல் கடன் தருகிறேன் என்பவனும் உரிமம் இல்லாத வட்டிக்காரன்தான். வேலை பெர்மிட்டின் படத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் முதலாளிக்கும் ஊர் வீட்டுக்கும் மிரட்டல் போகும்.

இத்தனையும் தொடங்குவது பெரும்பாலும் ஊரில் வாங்கிய கடனில். பதிவுபெற்ற முகவர் இந்தியாவில் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் முதல் ஓராண்டு முழுக்க அந்தக் கடனுக்குத்தான் உழைக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் ஐபிஏ (வேலை பெர்மிட்டுக்கான முன்னொப்புதல்) கடிதத்தைக் கேளுங்கள். அது தமிழிலும் இருக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். முகவர் வாயால் சொன்ன தொகை செல்லாது, அதில் உள்ள தொகைதான் செல்லும். வீட்டில் ஒரு நகல் வைத்துவிட்டுப் போங்கள்.

முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது. மருத்துவச் செலவும் முதலாளியுடையது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது குற்றம். பெர்மிட் புதுப்பிக்க "ஆயிரம் வெள்ளி எடுத்துக் கொடு" என்று கேட்பதும் குற்றம்தான். அதற்கு முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், ஓ.டி. பணம் பதினான்கு நாளுக்குள், ஒன்றரை மடங்காக வரவேண்டும். பே ஸ்லிப் கட்டாயம். என்றாலும் கம்பெனியின் கணக்கை மட்டும் நம்பாமல், எத்தனை மணிக்கு வேலைக்கு ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன் என்று சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். வழக்கு என்று வந்தால் அந்த நோட்டு பேசும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேட்டரிங்காரர் விடிவதற்கு வெகுநேரம் முன்பே சமைத்து, சோற்றைத் தாளிலும் குழம்பைச் சின்ன பிளாஸ்டிக் பையில் ரப்பர்பேண்ட் போட்டும் கட்டி அனுப்புவார். பொட்டலம் சைட்டில் ஏதாவது ஒரு தூணோரம் வெயிலில் கிடக்கும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் புளித்திருக்கும். கேட்டரிங் உணவில் நேரம் குறிக்க வேண்டும், சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது விதி. ஒட்டியுள்ள நேரத்தைப் பாருங்கள், கெட்டிருந்தால் படம் எடுத்து சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் புகார் செய்யுங்கள். விடுதியில் சமையலறை இருந்தால் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து சமைப்பதே மேல்.

அடிபட்டால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "வேலையில் நடந்தது" என்று சொல்லிவிடுங்கள். "ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, கம்பெனி பார்த்துக்கும்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் கேட்காதீர்கள். வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் ஓராண்டுக்குள் கோர வேண்டும். எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டு. சம்பளப் பாக்கி என்றால், வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டபிறகு ஆறு மாதத்துக்குள் புகார் செய்யவேண்டும். பெர்மிட்டைக் கேன்சல் அடித்து விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனாலும் குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது" என்று சொல்லலாம்.

வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு 2008இல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கஃப் ரோட்டின் பெயர்தான் அதற்கு. தட்டில் சோறு, பக்கத்தில் வழக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு தன்னார்வலர். சிராங்கூனில் ஊர் நினைப்பைத் தரும் இடங்கள் எத்தனையோ இருக்கலாம். என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான்.

2020இல் கொரோனாவுக்காக விடுதிகள் மூடப்பட்டபின், இரண்டாண்டுக்கும் மேல் வெளியே போக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தூக்கம் கெட்டு, பேச ஆளில்லாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். மனம் கனத்தால் பேசுவதற்கு ஹெல்த்சர்வ் தொலைபேசி 3129 5000. சம்பளம், காயம், மிரட்டல் எதுவானாலும் வெளிநாட்டு ஊழியர் நிலையம் 6536 2692, எந்நேரமும். மனிதவள அமைச்சு 6438 5122. விமானம் ஏறுவதற்கு முன்பே மூன்றையும் போனில் பதிந்துகொள்ளுங்கள், ஒரு தாளில் எழுதி வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.