சோம்பல் அல்ல, நோய்! மனச்சிதைவில் கவனம் சிதறுவது ஏன்?

"வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறோம். நன்றாகத் தூங்குகிறான். ஆனால் கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருகிறான்!"

மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. காதில் குரல் கேட்பது, யாரோ சதி செய்வதாக அஞ்சுவது போன்றவை மருந்தினால் பெரும்பாலும் தணிகின்றன. ஆனால் கவனம் மட்டும் ஒரு நிலையில் நிற்பதில்லை. குமாஸ்தா கூட்டலில் தவறுகிறார். லேத் பட்டறைத் தொழிலாளி அளவைத் தப்பாகப் பார்த்து இரும்பை வீணாக்குகிறார். வீட்டார் "சோம்பேறி" என்று திட்டுகிறார்கள். முதலாளி வேலையை விட்டு நிறுத்துகிறார்.

இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. நோயின் ஒரு பகுதி. அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பது விஞ்ஞானிகளின் முடிவு.

எழுத்துச் சோதனை

கவனத்தை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். குறிப்பிட்ட எழுத்து வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். மனச்சிதைவு நோயாளிகள் இதில் மற்றவர்களைவிட அதிகம் தவறுகிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், நோயே இல்லாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களும் சராசரியாகச் சற்றுப் பின்தங்குகிறார்கள்! நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று நியூயார்க்கில் 1971-ல் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு, நோய் வருவதற்கு வெகு காலம் முன்பே, சிறு வயதிலேயே கவனக் குறைவு இருந்தது அதில் தெரிய வந்தது.

பெங்களூரில் ஆராய்ச்சி

ஓசூர் சாலையில் உள்ள "நிம்ஹான்ஸ்" மருத்துவமனையைப் பெங்களூர்த் தமிழர்கள் நன்கு அறிவார்கள். பழைய மனநல மருத்துவமனையையும், 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து 1974-ல் உருவான நிறுவனம் அது.

பல்லாரி சாலையில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம், மூல செல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றுடன் சேர்ந்து நிம்ஹான்ஸ் 2016-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியில் இறங்கியது. ஒரே குடும்பத்தில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ கடும் மனநோய் இருந்தால், அக்குடும்பத்தாரின் ரத்தம் எடுத்து மரபணுக்கள் ஆராயப்படுகின்றன. நோய் இல்லாத உறவினர்களும் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படுகிறார்கள்.

எந்த மரபணு காரணம்?

"இதுதான் குற்றவாளி" என்று ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியாது. உலகெங்கும் 76 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான முடிவின்படி, மரபணுத் தொகுதியில் 287 இடங்கள் இந்த நோயுடன் தொடர்புள்ளவை. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

மூளையின் முன்பகுதியில் "டோபமைன்" என்ற ரசாயனம் கவனத்துக்குத் துணை செய்கிறது. அதைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் ஒரு மரபணு, 2001-ல் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அதன் பங்கும் சிறிதே என்று தெரிந்தது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கும் பொருந்தும்!

பயப்பட வேண்டாம்

பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் 100-க்குப் பத்துப் பேர் அளவில் வரலாம். அதாவது 90 பேருக்கு வருவதில்லை! ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால்கூட, மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். ஆகவே பரம்பரை மட்டுமே விதி அல்ல.

"தாய் வழியா, தகப்பன் வழியா?" என்று சம்பந்திகள் சண்டையிடுவதில் அர்த்தமில்லை. இருபுறத்துச் சிறு சிறு கூறுகளும் சூழ்நிலையும் சேர்ந்தே நோய் உண்டாகிறது. நோயாளியின் தங்கைக்கு வந்த வரனைத் தட்டிக் கழிப்பதும் நியாயமல்ல.

வீட்டிலேயே பயிற்சி

கவனத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம். கலந்து வைத்த தானியங்களை வகை பிரிப்பது, அச்சிட்ட தாளில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் தேடி அடித்துக்கொண்டே போவது போன்றவை இத்தகைய பயிற்சிகள். நோயின் தொடக்கத்தில் உள்ளவர்களுக்கு, குடும்பத்தார் துணையுடன் வீட்டிலேயே 2 மாதம் பயிற்சி அளித்த நிம்ஹான்ஸ் ஆய்வு 2012-ல் வெளியாயிற்று. ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிக்கும் திறனும், திட்டமிடும் திறனும் அதில் முன்னேறின.

குடும்பத்தாரும் சில முறைகளைக் கையாளலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சாமான் பட்டியலை எழுதிக் கொடுங்கள். பேசும்போது ரேடியோவையும் டி.வி.யையும் நிறுத்துங்கள். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஆலோசனைக்கு, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

கால் ஒடிந்தவனை யாரும் ஓடச் சொல்வதில்லை. கவனம் ஒடிந்தவனுக்கும் அதே பொறுமையைக் காட்டினால், அவன் மறுபடி வேலைக்குப் போகும் நாள் வரும்.