விடியற்காலைக் கோச்சி

எங்களில் முப்பது வயதுக்காரர் பலர் கோச்சியைக் காணாமலே வளர்ந்தவர்கள். யாழ்தேவி 1990 இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. வேலைக்கென்று நாங்கள் ஏறிய முதல் ரயில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் பக்கத்திலுள்ள சன்னிபுரூக் நிலையத்தில் ஏறியதுதான்.

அது 1918 இல் திறந்த மின்சாரப் பாதை. மலையைத் துளைத்த ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சுரங்கத்தால் நகர நடுவுக்குப் போகும். காலையில் பத்துப் பெட்டி வந்தாலும் இருக்க இடம் கிடையாது. ஒருவர் மூச்சு மற்றவர் கழுத்தில் படும். எங்கள் சாப்பாட்டுப் பெட்டியில் மீன்குழம்பு இருக்கும் நாட்களில் கொஞ்சம் வெட்கமாயும் இருக்கும். (இரண்டு பொலித்தீன் பையில் சுற்றுங்கள். அனுபவத்தில் சொல்கிறோம்.) முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வைக்க வேண்டும், இறங்குபவரை முதலில் விட வேண்டும் என்பதெல்லாம் பிறர் முகத்தைப் பார்த்தே பழகினோம். நாங்கள் முதலில் படித்த பிரெஞ்சுச் சொல்லும் அந்த நெரிசலில்தான்: "பார்டோன்".

எங்கள் தொழிற்சாலை சென்-லோறனில். மூன்றாவது தரிப்பான மொம்பெலியேயில் இறங்கி நடந்தால் ஏழு மணி வேலைக்குச் சரியாக இருக்கும்.

2020 மே மாதத்தில் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வருடக் கடைசியோடு முழுப் பாதையும் நின்றது. சாரதியில்லாத புது ரயில் போடுவதற்காக என்றார்கள். அந்த யூலையில் சுரங்கத்துக்குள் நூறு வருடத்துக்கு முந்திய வெடிமருந்து வேலையின்போது வெடித்தது. கண்ணிவெடி கிளப்பிய ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் செய்தி விளங்கிய மாதிரி மற்றவர்களுக்கு விளங்கியிருக்காது. வேலை இழுபடும் என்று அன்றே பேசிக்கொண்டோம்.

இழுபட்டது. ஐந்து வருடம். பஸ்ஸில் நெடுஞ்சாலையால் கோட்-வேர்ட்டு மெற்றோவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பனி கொட்டினால் நெடுஞ்சாலையிலேயே நிற்கும். வேலைத்தலத்தில் மூன்று தரம் பிந்தினால் கடிதம் தருவார்கள். ஆகவே ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். போகும்போது பிள்ளை நித்திரை. ஓவர்டைம் முடித்து வரும்போதும் நித்திரை. ஒரு மாரி முழுக்க, கிழமை நாட்களில் பிள்ளையின் குரலை ரெலிபோனில்தான் கேட்டோம். எங்களோடு வேலை செய்த அக்கா ஒருவர் பின்னேரப் பிரெஞ்சு வகுப்பை அந்த நாட்களில் விட்டவர், இன்னும் திரும்பிப் போகவில்லை. இன்னொருவருக்கு வேலையே போனது. கார் வாங்கியவர்கள் தப்பினார்கள். ஆனால் வந்த புதிதில் யாரிடம் கார் இருக்கிறது?

2025 நவம்பர் 17 இல் புது ரயில் ஓடத் தொடங்கியது. அதே சன்னிபுரூக், அதே மொம்பெலியே. மேடையோரம் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்ற பிறகுதான் அதன் கதவு திறக்கும், பிள்ளைகளோடு நிற்கப் பயமில்லை. ஆனால் நிற்கும் இடமே கூட. இருந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். பழுதாகி நிற்கும் நாளும் உண்டு, சுப்பவைசரின் நம்பரைக் கையில் வைத்திருங்கள். முன்பு ரயிலுக்கென்று தனியாக விலை கூடிய பாஸ் எடுத்தோம். 2022 யூலையில் கட்டண முறை மாறியது. தீவுக்குள் மட்டும் போய்வருபவர்களுக்கு எல்லா வாகனத்துக்குமான ஏ வலயப் பாஸ் போதும், பஸ், மெற்றோ, ரயில் மூன்றிலும் செல்லும். இது தெரியாமல் இரண்டு பாஸ் வாங்கிய குடும்பத்தைப் போன மாதமும் கண்டோம்.

இப்போது ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடுகிறோம். சில நாள் பிள்ளை எழும்பி வந்து கதவடியில் நிற்கும்.

கோவில் பக்கம் என்று சொல்லி இங்கே வீடு தேடுபவர்கள் பலர். சனிக்கிழமை மத்தியானம் யாராவது காரில் கொண்டுபோய்க் காட்டுவார்கள், எல்லாம் கிட்டத்தான் தெரியும். கையெழுத்து வைக்க முதல், ஒரு திங்கட்கிழமை விடிய அந்த வீட்டு வாசலிலிருந்து ஸ்ரேசன் வரைக்கும் நடந்து பாருங்கள். தை மாதமென்றால் இன்னும் நல்லது.