பேரி சாண்டர்ஸ்: பதினொரு ஆட்டங்களிலேயே ஒரு சிகரம்

2024 டிசம்பர் 31. அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல் ஆட்டம் முடிந்தபோது, பாய்சி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டி அந்தப் பருவத்தில் பந்தோடு ஓடிக் கடந்திருந்த தூரம் 2,601 யார்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஒரே பருவ ஓட்டச் சாதனையை எட்ட இன்னும் 27 யார்டு தேவைப்பட்டது. ஜென்டி ஆடியது 14 ஆட்டங்கள். அவரால் தொட முடியாமல்போன 2,628 யார்டை 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேரி சாண்டர்ஸ் 11 ஆட்டங்களிலேயே ஓடி முடித்துவிட்டார்.

கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், கூரை வேலை செய்தவரின் வீட்டில், 11 பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் சாண்டர்ஸ். உயரம் 5 அடி 8 அங்குலம்தான். கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் தர்மன் தாமஸ் என்ற பெரிய ஆட்டக்காரருக்கு மாற்று வீரராகவே இருந்தார். தாமஸ் விடைபெற்ற பிறகுதான் முழுப் பொறுப்பும் இவரிடம் வந்தது.

சாண்டர்ஸ் ஒரு ரன்னிங் பேக். அவருடைய வேலை, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை அணைத்துக்கொண்டு எதிரணியின் பதினொரு பேரையும் மீறி முன்னேறுவது. பலர் தோளால் மோதி வழி உண்டாக்குவார்கள். சாண்டர்ஸின் ஓட்டம் நம்மூர் கபடியில் பாடிப் போகிறவரின் ஆட்டத்துக்கு நெருக்கமானது. முழு வேகத்தில் வருபவர் சட்டென்று நிற்பார். இடுப்பு ஒரு பக்கம் சாயும், கால் மறுபக்கம் பாயும். பிடிக்க வந்தவர் காற்றைக் கட்டிக்கொண்டு விழுவார். பழைய ஒளிப்பதிவுகளில் இன்றும் பார்க்கலாம், அலுக்கவே அலுக்காது.

1988-இன் அந்த ஒரே பருவத்தில் ஓடி எடுத்த டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தது, 37. நான்கு ஆட்டங்களில் 300 யார்டுக்கு மேல். கல்லூரி வீரருக்கான உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தது டோக்கியோவில்; டெக்சஸ் டெக் அணியுடன் அங்கே ஆட்டம். விருதுச் செய்தி வந்த கையோடு களமிறங்கி 332 யார்டு ஓடினார். டச்டவுன் எடுத்தால் ஆர்ப்பாட்டம் கிடையாது. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். என்னைக் கேட்டால், அவருடைய எண்களைவிட எனக்குப் பிடித்தது அந்த நடைதான்.

பிறகு தொழில்முறை ஆட்டத்தில், டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் 10 பருவங்கள், 15,269 யார்டு. வால்டர் பேட்டனின் தொழில்முறை ஓட்டச் சாதனைக்கு 1,457 யார்டே பாக்கியிருந்த நிலையில், 1999-இல் தன் ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. 1988 பருவத்தின் இறுதியில் வயோமிங் அணிக்கு எதிரான ஹாலிடே பவுலில், மூன்றே கால்பகுதிகளில் சாண்டர்ஸ் 222 யார்டு ஓடி 5 டச்டவுன் எடுத்தார். ஆனால் அது அவருடைய பருவக் கணக்கில் சேரவில்லை. பருவ முடிவில் நடக்கும் இந்தப் பவுல் ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2002-இல்தான் வந்தது. பழைய ஆட்டங்களுக்கு அது பொருந்தவில்லை. ஜென்டியின் 2,601-இல் பவுல் ஆட்டமும் அடக்கம். ஒரே அளவுகோலால் அளந்தால் சாண்டர்ஸின் கணக்கு 2,850. சாதனைப் பட்டியலில் இருக்க வேண்டிய எண் அதுதான்.