கம்பளி நூற்போரும் அருகிவரும் ஆட்டினங்களும்

கம்பளி என்றால் அது ஒரே பொருள் என எண்ணுவது பொதுவழக்கு. கடையில் மடித்து வைக்கப்பட்ட போர்வையைத் தொட்டுப் பார்ப்பவர், அதன் உரோமம் எந்த ஆட்டினத்தின் முதுகில் வளர்ந்தது என்று வினாவுவதில்லை. ஆனால், அரிசி என்ற ஒரு சொல்லுக்குள் மொட்டைக்கறுப்பனும் சம்பாவும் அடங்கி நிற்பது போல, கம்பளி என்ற சொல்லுக்குள்ளும் பல வேறுபட்ட இயல்புகள் அடங்கியுள்ளன.

பிரித்தானியாவில் மாத்திரம் 60க்கும் மேற்பட்ட செம்மறியினங்கள் உள்ளன. குளிர்மிக்க மலைச்சாரல், செழித்த சமவெளி, காற்று ஓயாத சிறுதீவு என ஒவ்வொரு நிலத்துக்கும் ஏற்ற இனம் காலப்போக்கில் உருவாயிற்று. பின்னர் வந்த இயந்திர ஆலைகளுக்கு ஒரே தன்மையுள்ள உரோமம் பெருந்தொகையாக வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து மெரினோக் கம்பளி கப்பல் கப்பலாக வந்தது. அதன்பின் செயற்கை இழைகளும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. உரோமத்தின் விலை வீழ்ந்தபோது, விரைவில் கொழுத்து இறைச்சி தரும் ஆடுகளையே விவசாயிகள் நாடினர். 1900ஆம் ஆண்டுக்கும் 1973ஆம் ஆண்டுக்கும் இடையில், பிரித்தானியாவுக்கே உரிய பண்ணை விலங்கினங்களுள் 26 அடியோடு அழிந்தன. இவ்வழிவைத் தடுக்கும்பொருட்டே 1973இல் அருகிய இனங்களின் பாதுகாப்பு நிதியம் அங்கு நிறுவப்பட்டது.

பண்ணை விலங்கைக் காட்சிப்பொருளாக வைத்து நெடுங்காலம் காக்க இயலாது. அதனால் யாதேனும் பயன் இருந்தாலே அதை வளர்ப்போர் இருப்பர். ஆகவே, இவ்வாடுகளின் உரோமத்துக்கு ஒரு பயனைத் தேடித்தருவது இன்றியமையாததாயிற்று. இங்கேதான் கைந்நூற்போர் சங்கங்களின் தொண்டு சிறப்புப் பெறுகிறது.

பிரித்தானியாவின் பல ஊர்களில் நெய்வோர், நூற்போர், சாயமிடுவோர் ஆகியோரின் சங்கங்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் கூட்டமைப்பு 1955இல் தோன்றியது. உறுப்பினருட் பலர் வயிற்றுப்பிழைப்புக்காக நூற்பவரல்லர். கலையில் ஈடுபாடு கொண்டு நூற்பவர். இத்தகைய சங்கங்கள் மேற்கொள்ளும் பணிகளுள் ஒன்று, வெவ்வேறு ஆட்டினங்களின் உரோமத்தை வரிசையாக எடுத்து ஆராய்வதாகும்.

ஆய்வு முறை எளியது. ஒவ்வோர் உறுப்பினரும் ஓர் இனத்தின் உரோமத்தைப் பெறுவார். முதலில் ஒரு கற்றையைப் பிரித்து அதன் நீளத்தை அளந்து, இழையின் நெளிவையும் மென்மையையும் பார்ப்பார். அடுத்து, வெந்நீரில் ஊறவைத்து உரோமக் கொழுப்பையும் அழுக்கையும் நீக்குவார். அப்பொழுது நீரை அலசக் கூடாது. கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருப்பதால், வெப்பத்தில் அலைக்கழித்தால் அவை ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். உலர்ந்தபின், குறுகிய இழைகளாயின் கம்பிப்பற்கள் பதித்த இரு பலகைகளுக்கிடையே பன்னுவார். நீண்டனவாயின் சீப்பினால் வாருவார். பன்னிய உரோமம் காற்றை அடக்கிய, உப்பிய நூலாகும். வாரிய உரோமம் வழுவழுப்பும் உறுதியும் உள்ள நூலாகும். கதிரிலோ இராட்டினத்திலோ நூற்று முடிந்ததும் சிறு துண்டொன்று பின்னி, இனத்தின் பெயரையும் செய்த முறையையும் எழுதி அதனுடன் சேர்த்துவைப்பார். இவ்வாறு சேரும் துண்டுகள் காலப்போக்கில் ஒரு மாதிரி ஏடாகின்றன.

அந்த ஏட்டைப் புரட்டினால் வேற்றுமைகள் விரலுக்கே புலனாகும். வென்ஸ்லிடேல் ஆட்டின் உரோமம் பட்டுப்போல் மினுங்கி, எட்டு அங்குலத்துக்கும் மேலாகச் சுருண்டு தொங்கும். சவுத்டவுண் இனத்தின் உரோமம் குறுகியது, எளிதில் இறுகாதது, ஆதலால் காலுறைக்கு உகந்தது. ஷெற்லாந்து இனம் ஒரு காலத்தில் அருகியதாகக் கணிக்கப்பட்டுப் பின்னர் பெருகி மீண்டது. அதன் மெல்லிய உரோமத்தால் பின்னிய சால்வை கணையாழி ஒன்றினூடே நுழையும் என்பர். இதற்கு மாறாக, ஹேர்ட்விக் ஆட்டின் முரட்டு உரோமம் உடலில் உறுத்தும். ஆயினும் தரைவிரிப்புக்கு அது நன்கு உழைக்கும். எந்த உரோமமும் பயனற்றதன்று, அதற்குரிய இடத்தை அறிதலே வேண்டும் என்பதை இம்மாதிரிகள் காட்டுகின்றன.

ஓர்க்னித் தீவுக்கூட்டத்தின் வட றொனால்ட்சே ஆடு தனியாகக் கூறத்தக்கது. பயிர்நிலத்தினுள் ஆடுகள் புகாதவாறு, 1832இல் அத்தீவைச் சுற்றி ஏறத்தாழப் 13 மைல் நீளமான கல்மதில் எழுப்பப்பட்டது. மதிலுக்கு வெளியே கடற்கரையில் விடப்பட்ட ஆடுகள் கடற்சாதாழையையே பெரும்பாலும் உண்டு வாழ்கின்றன. அவ்வுணவில் செம்புச்சத்து அரிதாகையால், கிடைக்கும் சிறிதளவையும் ஈர்த்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றின் உடலுக்கு உண்டு. அதனாலேயே ஏனைய ஆடுகளுக்கு ஒத்துக்கொள்ளும் புல்நிலமும் இவற்றுக்கு நஞ்சாகக்கூடும். இதன் உரோமமும் ஈரடுக்கானது: வெளியே மழையைத் தாங்கும் முரட்டு மயிர், உள்ளே மென்மையான இழை. பெரிய ஆலைகளுக்கு இது தொல்லை. பொறுமையுள்ள நூற்பவரோ இரண்டையும் கையாற் பிரித்து, மென்மையானதை உடலை ஒட்டிய ஆடைக்கும், முரடானதை விரிப்புக்கும் கயிற்றுக்கும் பயன்படுத்துவார். இத்தகைய இனம் ஒன்று மறைந்தால், தலைமுறை தலைமுறையாக உருவான அவ்வியல்பை மீண்டும் தோற்றுவிக்க எந்த ஆலையாலும் முடியாது.

இவ்வாராய்ச்சியால் வளர்ப்பவர் பெறும் நன்மை யாது? முரட்டு உரோமத்துக்கும் நிறவேறுபாடுள்ள உரோமத்துக்கும் மொத்தச் சந்தையில் கிடைக்கும் விலை, சிலவேளை ஆட்டின் உரோமத்தைக் கத்தரிக்கும் கூலிக்கே போதாது. நூற்பவர் நேரிற் சென்று வாங்கும்போது, நல்ல உரோமத்துக்கு அதனினும் பன்மடங்கு கொடுப்பார். ஆனால் வைக்கோல் துணுக்கும் சாணமும் ஒட்டிய உரோமத்தை அவர் ஏற்கமாட்டார். ஆகவே தீனியிடும் முறையையும், அழுக்கான ஓரங்களைக் கழித்து ஒதுக்கும் வழக்கத்தையும் வளர்ப்பவர் கற்றுக்கொள்கிறார்.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலும் இவ்வழி பின்பற்றப்படுகிறது. அமெரிக்காவில் கால்நடையினங்களைக் காக்கும் அமைப்பொன்று, அருகிய இனங்களின் உரோமத்தைப் பயன்படுத்துவோருக்கான திட்டத்தை 2019இல் தொடங்கியது. சேர்வோருக்குக் கடவுச்சீட்டைப் போன்ற சிறு புத்தகம் வழங்கப்படும். ஓர் இனத்தின் உரோமத்தை வாங்கும்போது வளர்ப்பவர் அதற்குரிய ஒட்டுச்சீட்டைத் தருவார். பல இனங்களை நூற்று முடித்தவருக்குப் பரிசும் உண்டு.

நூற்பவர் மாத்திரம் ஓர் இனத்தைக் காத்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஓர் ஆட்டின் உரோமத்தைக் கையால் நூற்று முடிக்க ஓய்வுநேரங்கள் பல மாதங்கள் வேண்டும். எனினும், இருபது முப்பது ஆடுகளே கொண்ட சிறு மந்தைக்கு, ஆண்டுதோறும் தேடிவரும் சில நூற்பவர்களே போதிய ஆதரவாவர். வளர்ப்பவர் அந்த மந்தையை அடுத்த ஆண்டும் வைத்திருப்பதா, விற்றுவிடுவதா என்று சிந்திக்கும்போது, அந்த ஆதரவே அவரது முடிவை மாற்றக்கூடும்.