நாலு அறைக்கு ஒரு டாக்டர்

சித்தப்பாவின் மேஜை இழுப்பறையில் சின்ன பிளாஸ்டிக் குமிழ் ஒன்று இன்னும் கிடக்கிறது. அவருடைய இடது காதுக்கு அச்செடுத்து வார்த்தது. 1971-ல் ஒஹாயோவில் மயக்கவியல் ரெசிடென்சியில் சேர்ந்த புதிதில் கிடைத்ததாம். அதிலிருந்து கிளம்பும் குழாய், நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய ஸ்டெதாஸ்கோப்பில் போய் முடியும். ஒரு காதில் இதயத் துடிப்பு, மறு காதில் சர்ஜனின் வசவு. வலது கை மூச்சுப் பையை அழுத்தும், இடது கை விரல் நாடியில் இருக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்து சேர்ந்ததே எண்பதுகளில்தான். அதுவரை தலைமாட்டை விட்டு டாக்டர் நகர முடியாது.

"ஏன் சித்தப்பா இந்தப் பிரிவை எடுத்தீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். "எடுக்கிறதாவது! கொடுத்தாங்கப்பா, வாங்கிக்கிட்டேன்."

1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. அதே ஆண்டு முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் வந்தன. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கிய முதியவர்களும் ஏழைகளும் வரத் தொடங்கினார்கள், டாக்டர் போதவில்லை. மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டுப் போனவர்களுக்கு, உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டாமென்று விட்ட இடங்கள் கிடைத்தன.

அதே 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இன்னொன்றும் நடந்தது. பொதுச் சுகாதார நர்ஸ் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து முதல் நர்ஸ் ப்ராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் கொடுக்கும் அளவுக்கு நர்ஸைத் தயார்படுத்தும் படிப்பு. டாக்டர் கிடைக்காத ஊர்க் குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. ஆக, ஒரே பள்ளத்தை நிரப்ப இரண்டு வண்டி மண் வந்திறங்கியது. ஒரு வண்டியில் சித்தப்பா இருந்தார். பக்கத்து வண்டியைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

மயக்கவியலில் பார்த்தால் நர்ஸ்தான் மூத்த குடி. சர்ஜன்களான மயோ சகோதரர்களின் ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவர் ஆலிஸ் மேகா என்ற நர்ஸ். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை கொடுத்ததில் மயக்க மருந்தால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906-ல் எழுதினார். டாக்டர்கள் கூட்டமாக இந்தத் துறைக்கு வந்தது அதற்கு வெகுகாலம் பின்பு. நர்ஸ் நம் இடத்தைப் பிடிக்கிறாள் என்று மயக்க டாக்டர்கள் குமுறும்போது எனக்கு உள்ளூரச் சிரிப்புதான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் குமுறல் பெரும் பீதியானது. காப்பீட்டுக் கம்பெனிகள் செலவைக் குறைக்கப் போகின்றன, மயக்க டாக்டருக்கு இனி வேலையில்லை, எதிர்காலம் குடும்ப மருத்துவத்தில்தான் என்று எல்லோரும் பேசினார்கள். மாணவர்கள் அந்தப் பிரிவை விட்டு ஓடினார்கள். சித்தப்பாவும் மகனிடம், "இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே" என்றார். தம்பி சொல் தட்டாமல் குடும்ப மருத்துவம் எடுத்தான்.

அவன் ரெசிடென்சியில் இருந்த 1997-ல் பட்ஜெட்டைச் சமன் செய்ய ஒரு சட்டம் வந்தது. ரெசிடென்டுகளுக்காக மெடிகேர் கொடுக்கும் பணத்தை 1996-ன் எண்ணிக்கையோடு அது நிறுத்தியது. அதே சட்டம், நர்ஸ் ப்ராக்டிஷனர் எந்த ஊரிலும் தன் பெயரிலேயே மெடிகேருக்கு பில் போடலாம், டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் கிடைக்கும் என்றது. டாக்டர்கள் பெருகும் வாசலைக் குறுக்கிய கைதான் நர்ஸுக்கு வாசலைத் திறந்தது. அதற்குப் பிறகு நர்ஸ்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

இன்று அங்கே நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் டாக்டர் கையெழுத்து இல்லாமலே தனியாக கிளினிக் நடத்தலாம். தம்பி இருப்பது கையெழுத்து வேண்டிய மாநிலத்தில். முகமே பார்க்காத நோயாளிகளின் குறிப்புகள் சாயங்காலமானால் அவன் திரையில் வரிசை கட்டி நிற்கும். தவறு நடந்தால் வழக்கில் அவன் பெயரும் இருக்கும். அந்த ஆத்திரம் நியாயமானதே. நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்புக்குக் குறைந்தபட்ச மருத்துவப் பயிற்சி நெடுங்காலம் 500 மணி நேரமாக இருந்து, சமீபத்தில்தான் 750 ஆனது. வாரம் 80 மணி வரை உழைக்கும் ரெசிடென்ட் அதைப் பத்தே வாரத்தில் தாண்டிவிடுவார். ஆனால் ஐ.சி.யூ.வில் பத்து வருஷம் நின்றுவிட்டு வரும் நர்ஸிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் நமக்குத்தான் அவமானம்.

தம்பி தப்பித்து வந்த மயக்கவியலின் கதை வேறாகிவிட்டது. 2001-ல் அயோவா தொடங்கி, மயக்க நர்ஸுக்கு டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்ற மெடிகேர் விதியிலிருந்து பல மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின. அப்படியும் துறை சாகவில்லை. ஆபரேஷன்கள் பெருகின, இப்போது அந்த இடங்களுக்கு அடிதடி. வேலைதான் உருமாறிவிட்டது. மெடிகேர் விதிப்படி ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் நாலு அறைகளைப் பார்த்துக்கொள்ளலாம், தலைமாட்டில் மயக்க நர்ஸ் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷங்களில் சித்தப்பா இடுப்பில் போனோடு அறை அறையாக நடந்தார். "நாலு நோயாளி இருந்தும் ஒரு துடிப்பும் காதுல கேக்கலப்பா."

சித்தப்பாவின் பேத்தி, தம்பி மகள், இப்போது மருத்துவப் படிப்பின் கடைசி வருஷம். எது பிடிக்கும் என்பதைவிட, நர்ஸால் எடுத்துக்கொள்ள முடியாதது எது என்பதுதான் அவள் வகுப்பில் பேச்சு. அவசர சிகிச்சைக்கு 2030-ல் டாக்டர்கள் மிஞ்சிப்போவார்கள் என்று 2021-ல் ஓர் அறிக்கை சொன்னது. மாணவர்களுக்கு ரெசிடென்சி இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் 'மேட்ச்'சில், 2023-ல் அந்தப் பிரிவில் 554 இடங்கள் காலியாகக் கிடந்தன. மறு வருஷமே அது 135 ஆகச் சுருங்கியது, குழந்தை மருத்துவத்தில் 252 இடங்கள் காலி. இப்படி வருஷா வருஷம் திரும்பும் காற்றைப் பார்த்து முப்பது வருஷத் தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அவளுக்குக் குழந்தைகள் பிரிவுதான் ஆசை. பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வில் ஓர் இரவு, கையளவுகூட இல்லாத சிசுவின் தொப்புள் வழியாக இரத்தக்குழாயில் டியூப் ஏற்றுவதை அவளுக்குக் காட்டியவர் இருபது வருஷ அனுபவமுள்ள நர்ஸ் ப்ராக்டிஷனர். "அவங்க கை நடுங்கவே இல்ல பெரியப்பா" என்று போனில் சொன்னாள்.

மேட்சுக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலையும் வாசித்துக் காட்டினாள். முதல் எட்டு வரி குழந்தை மருத்துவம். ஒன்பதாவது வரி மயக்கவியல். தாத்தாவுக்கு மட்டும் தெரியுமாம், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.