பழைய சிங்கமும் புதிய சிங்கமும்

குழந்தைகளைத் திரையரங்கிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோரை நாம் கவனித்திருப்போம். விளக்குகள் அணைந்ததும் குழந்தையின் கண்கள் திரையைவிட்டு அகலுவதில்லை. பெற்றோரின் கண்களோ சிறிது நேரம் திரையிலும், சிறிது நேரம் தங்கள் இளமைக் காலத்திலும் இருக்கின்றன. 'தி லயன் கிங்' திரைப்படம் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புதிய வடிவில் வெளியானபோது பல குடும்பங்களில் இதுதான் நடந்தது. 1994ஆம் ஆண்டு அதே கதையைக் கார்ட்டூன் படமாகப் பார்த்த சிறுவரும் சிறுமியரும் இப்போது தாய் தந்தையராகித் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தனர். படம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினர். பெற்றோரில் பலர், "பழைய படம் போல இல்லை" என்றனர்.

ஒரே படம், ஒரே இருட்டறை, அருகருகே இரு இருக்கைகள். ஆயினும் இரு வேறு முடிவுகள். இது ஏன் என்பதை இன்று சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

வரையப்பட்ட படங்களை உண்மை நடிகர்களைக் கொண்டோ, உண்மை போலத் தோன்றும் கணினிக் காட்சிகளைக் கொண்டோ மீண்டும் எடுப்பது புதிதல்ல. 1961ஆம் ஆண்டின் '101 டால்மேஷன்ஸ்' கார்ட்டூன் படத்தை 1996ஆம் ஆண்டிலேயே நடிகை கிளென் குளோஸைக் கொண்டு டிஸ்னி நிறுவனம் மறுபடி எடுத்தது. ஆனால் 2010ஆம் ஆண்டு டிம் பர்ட்டன் இயக்கிய 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த பிறகே இது ஓர் அலையாக மாறியது. 'சிண்ட்ரெல்லா' (2015), 'தி ஜங்கிள் புக்' (2016), 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' (2017), 'அலாதீன்' (2019) என ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்தன. மக்கள் ஏற்கெனவே நேசிக்கும் கதைக்கு விளம்பரம் அதிகம் தேவையில்லை என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. ஆனால், எதை நாம் நேசிக்கிறோமோ அதைத்தான் நாம் கடுமையாகப் பாதுகாக்கவும் செய்கிறோம். இந்த உண்மை அந்தக் கணக்கில் முழுமையாக அடங்குவதில்லை.

சிங்கத்தின் முகம்

ஜான் ஃபேவ்ரோ இயக்கிய புதிய 'லயன் கிங்' 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படத்தின் தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான் உண்மையான ஒளிப்பதிவுக் கருவியால் எடுக்கப்பட்ட காட்சி என இயக்குநரே தெரிவித்தார். எஞ்சிய புல்வெளி, பாறை, பிடரி மயிர் அனைத்தும் கணினியில் உருவானவை. அதைக் கண்டு வியக்காதவர் இல்லை. அப்படியிருந்தும், திரைவிமர்சகர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் படத்தை ஏற்கவில்லை. அவர்கள் கூறிய காரணம் எளிமையானது: இந்தச் சிங்கங்களின் முகத்தில் உணர்ச்சி தெரியவில்லை.

கார்ட்டூன் கலைஞர் சிங்கத்தை வரையும்போது மனிதரின் புருவத்தையும், மனிதரின் உதட்டையும், மனிதரின் கண்ணீரையும் அதற்குக் கடன் கொடுக்கிறார். தந்தை முஃபாசா இறந்து கிடக்கும்போது குட்டி சிம்பாவின் கண்களில் நீர் நிறைவதை 1994ஆம் ஆண்டு படத்தில் நாம் கண்டோம். உண்மைச் சிங்கத்தின் முகம் அப்படி அசைவதில்லை. அது துயரத்திலும் பசியிலும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு இருக்கும். உண்மைக்கு மிக அருகில் செல்ல விரும்பிய கலைஞர்கள், அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. தோற்றம் மெய்யாயிற்று, துயரம் மங்கிப்போனது. எனவே, பழைய படத்தை நேசித்தவர்களின் ஏமாற்றத்தை வெறும் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அவர்கள் உண்மையிலேயே ஒன்றை இழந்திருந்தனர்.

ஆனால் முதன்முறையாகப் பார்த்த குழந்தை எதையும் இழக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறு சிங்கம் இல்லை. தமிழில் இப்படத்தைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு சித்தார்த்தின் குரல்தான் சிம்பா. அரவிந்த்சாமியின் குரல்தான் வஞ்சகம் நிறைந்த ஸ்கார். சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் பேசிய டிமோன், பும்பா இணையின் நகைச்சுவையைக் கேட்டுச் சிரித்த குழந்தைக்கு, இது ஒரு 'மறுபதிப்பு' என்ற எண்ணமே எழுந்திருக்காது. ஆங்கிலத்தில் பார்த்தவர்களுக்கோ ஒரு பாலம் இருந்தது. 1994ஆம் ஆண்டு முஃபாசாவுக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், 25 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பாத்திரத்திற்கு மீண்டும் குரல் கொடுத்தார். 2024ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது இரு தலைமுறையினரும் ஒரே குரலுக்காக வருந்தினர்.

யாருடைய மதிப்பெண்?

இத்தகைய படங்களைப் பற்றி விமர்சகர்கள் ஒன்று கூற, மக்கள் வேறொன்று கூறுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அமெரிக்காவில் 'சினிமாஸ்கோர்' என்ற நிறுவனம் 1979ஆம் ஆண்டு முதல், படம் வெளியாகும் முதல் இரவில் திரையரங்கிலிருந்து வெளியே வருபவர்களிடம் கருத்துக் கேட்டுத் தரம் வழங்கி வருகிறது. விமர்சகர்கள் பாதிப்பேர் ஏற்காத 'லயன் கிங்' படத்திற்கு அங்கே 'ஏ' தரம் கிடைத்தது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வில் ஸ்மித்தை நீல நிறப் பூதமாகக் காட்டிய முன்னோட்டத்தைக் கண்டு இணையம் முழுவதும் கேலி செய்தது. மூன்று மாதங்களுக்குப் பின் வெளியான 'அலாதீன்' படமும் 'ஏ' தரம் பெற்று, 100 கோடி டாலரைக் கடந்தது.

இதில் யார் பொய் சொல்கிறார்? எவருமில்லை. முதல் இரவில் பணம் கொடுத்துக் குடும்பத்தோடு வருபவர், அந்தப் படத்தை விரும்ப வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார். விமர்சகர் தம் தொழிலின் பொருட்டு வருகிறார். ஏன் இந்தப் படம் மீண்டும் எடுக்கப்பட்டது எனக் கேட்பது அவரது கடமை. இணையத்தில் எழுதுபவரோ பெரும்பாலும் அந்தக் கதையோடு மிக நெருங்கிய உறவு கொண்டவர். மூவரும் மூன்று வாசல்களில் நிற்கின்றனர். ஒரு வாசலில் கேட்ட குரலை மட்டும் கொண்டு ஊரே இப்படித்தான் பேசுகிறது என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும்.

மாற்றம் என்ற சிக்கல்

மாற்றாமல் எடுத்தால் எதற்காக எடுத்தீர்கள் என்கிறோம். மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்கிறோம். 2025ஆம் ஆண்டு வெளியான 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படத்தை, 2010ஆம் ஆண்டு கார்ட்டூன் படத்தின் இயக்குநர்களுள் ஒருவரான டீன் டிப்ளுவாவே இயக்கினார். ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி பழைய படம் போலவே அது இருந்தது. மக்கள் பெருமளவில் வரவேற்றனர். புதிதாக என்ன இருக்கிறது என்ற கேள்வியும் எழாமலில்லை.

அப்படியானால் மக்கள் மாற்றத்தையே வெறுக்கிறார்களா? இல்லை என்பதற்கு 2022ஆம் ஆண்டு ஒரு சான்று தருகிறது. அந்த ஆண்டில் இரு 'பினோக்கியோ' படங்கள் வெளிவந்தன. ஒன்று, 1940ஆம் ஆண்டு டிஸ்னி படத்தைப் பெரிதும் பின்பற்றி ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கியது. மற்றொன்று, கில்லர்மோ டெல் டோரோ பொம்மைகளை அசைத்து உருவாக்கியது. டெல் டோரோ அக்கதையை முசோலினி ஆண்ட இத்தாலிக்கே கொண்டுபோய், மகனை இழந்த ஒரு தந்தையின் துயரமாக அதை மாற்றிவிட்டார். பழையதைப் பின்பற்றிய படம் விரைவில் மறக்கப்பட்டது. துணிந்து மாற்றிய படம் சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. காரணமுள்ள மாற்றத்தை மக்கள் ஏற்கிறார்கள். காரணம் புரியாத மாற்றம்தான் அவர்களைப் புண்படுத்துகிறது.

2025ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' இதை இன்னும் ஆழமாக உணர்த்தியது. 2002ஆம் ஆண்டின் கார்ட்டூன் படம், ஹவாயின் கவாய் தீவில் பெற்றோரை இழந்த இரு சகோதரிகளின் கதை. அக்கா நானி, அரசு அதிகாரிகள் தங்கையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடக் கூடாதே எனப் போராடுகிறாள். குடும்பம் என்றால் எவரையும் கைவிடாதது என்பதே அக்கதையின் உயிர். புதிய படத்தின் முடிவிலோ, தங்கை லிலோவைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு, கடல் உயிரியல் படிக்க நானி சான் டியேகோ நகருக்குச் செல்கிறாள். இடையிடையே அவள் தங்கையைக் காண வருவதாகவும் காட்டப்படுகிறது.

இந்த முடிவைக் கண்டு பலர் கொதித்தனர். 1898ஆம் ஆண்டு அமெரிக்காவோடு இணைக்கப்பட்ட ஹவாய் மக்களின் வரலாற்றை அறிந்தவர்கள், தன் தங்கையையும் தன் மண்ணையும் விட்டுப் போவதுதான் ஓர் இளம்பெண்ணின் முன்னேற்றமா எனக் கேட்டனர். கடல் உயிரியலை ஹவாய் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாமே என்றும் சுட்டிக்காட்டினர். மறுபுறம், குழந்தையை உறவினரும் நெருங்கியவரும் ஏற்று வளர்க்கும் 'ஹானாய்' என்ற மரபு ஹவாய் மக்களிடையே பன்னெடுங்காலமாக உள்ளது. ஊரே சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்ப்பது கைவிடுவதாகாது என்ற விளக்கத்திற்கும் அங்கே இடமுண்டு. சிறு வயதிலேயே தம்பி தங்கையருக்குத் தாயாகவும் தந்தையாகவும் மாறி, தன் படிப்பைத் துறந்த எத்தனையோ அக்காமார்களை நம் வீடுகளிலும் நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் அந்தக் காட்சியைக் கண்டு கண்ணீர் வடித்திருந்தால் அதில் வியப்பில்லை. படம் 100 கோடி டாலரைக் கடந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி வசூலைவிடப் பெரியது: ஒரு குழந்தையை யார் காப்பது, அதற்காக யார் தன் வாழ்வைக் கொடுப்பது?

கடற்கன்னியும் பனிவெண்மையும்

சில வேளைகளில் எதிர்ப்பு, படத்தைக் குறித்ததாக இல்லாமல் மனிதரைக் குறித்ததாக மாறிவிடுகிறது. 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் ஏரியலாகக் கறுப்பின நடிகை ஹாலி பெய்லி தேர்ந்தெடுக்கப்பட்டதாக 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. படம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவரது நிறத்தைக் குறித்து வெறுப்பு கொட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் முன்னோட்டம் வெளியானபோது வேறொரு காட்சியும் வெளிவந்தது. கறுப்பினச் சிறுமியர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து, அவள் தங்களைப் போலவே இருக்கிறாள் என்று துள்ளிக் குதித்ததைப் பெற்றோர் படம்பிடித்துப் பகிர்ந்தனர். கதையை மாற்றக் கூடாது என்றவர்கள் ஒன்றை மறந்துவிட்டனர். 1837ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய கதையில் கடற்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதே இல்லை. 1989ஆம் ஆண்டு கார்ட்டூன் படம்தான் அத்துயர முடிவைத் திருமணமாக மாற்றியது. நாம் 'மூலம்' என்று பற்றிக்கொண்டிருப்பதும் ஒரு காலத்தில் மாற்றமாகவே இருந்தது.

2025ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான 'ஸ்னோ ஒயிட்' இதனினும் கசப்பான அனுபவம். 1937ஆம் ஆண்டின் பழைய படத்திற்காக, ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளும் கொண்ட தனிச்சிறப்பான ஆஸ்கர் விருது வால்ட் டிஸ்னிக்கு வழங்கப்பட்டது. அத்தகைய பெருமை கொண்ட கதை அது. புதிய படம் திரைக்கு வருமுன்பே நாயகி ரேச்சல் செக்லரின் பூர்வீகம், பழைய படத்தைப் பற்றி அவர் கூறிய கருத்துகள், ஏழு குள்ளர்களைக் காட்டும் விதம் என எல்லாமே சண்டையாயின. குள்ளர்களைப் பற்றி நடிகர் பீட்டர் டிங்க்லேஜ் 2022ஆம் ஆண்டு எழுப்பிய கேள்வி, உயரம் குறைந்த மனிதர்களின் மாண்பைப் பற்றிய நியாயமான கேள்வி. ஆனால் கூச்சலில் அது கரைந்துபோயிற்று. உலகளவில் வசூல் சுமார் 20 கோடி டாலர் அளவிலேயே நின்றது. படம் தன் குறைகளாலும் தோற்றிருக்கலாம். ஆயினும், பார்க்காமலேயே தீர்ப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும், இருபது வயதுகளில் இருந்த ஓர் இளம்பெண்ணின்மீது எவ்வளவு கடுஞ்சொற்கள் எறியப்பட்டன என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அருகில் அமர்ந்திருக்கும் குழந்தை

அன்பு வாசகர்களே, பழைய படத்தின்மீது நமக்குள்ள பற்று தவறானதல்ல. அந்தப் படத்தை நாம் யாருடைய மடியில் அமர்ந்து பார்த்தோமோ, அவர்களுள் சிலர் இன்று நம்மோடு இல்லை. அந்த வீடும், அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியும், தேய்ந்துபோன அந்த வீடியோ கேசட்டும் இல்லை. புதிய படம் பழையதைப்போல இல்லை என்று நாம் வருந்தும்போது, உண்மையில் எதைத் தேடுகிறோம் என்பதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த இயக்குநராலும் திருப்பித் தர முடியாத ஒன்றை அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோமோ?

குறைகளைச் சொல்லக் கூடாது என்பதல்ல. உணர்ச்சியற்ற முகத்தை உணர்ச்சியற்றது எனலாம். பொருந்தாத முடிவைப் பொருந்தாதது எனலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு நேரமும் இடமும் உண்டு. திரையரங்கின் இருட்டில் ஒரு குழந்தை முதன்முறையாக அழும்போது, "நாங்கள் பார்த்ததுதான் உண்மையான படம்" என்று அதன் காதில் சொல்வது அந்த நேரம் அல்ல. அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் ஒரு தந்தைச் சிங்கம் இறந்திருக்கிறது.

அடுத்த முறை இத்தகைய படத்திற்குச் செல்லும்போது, வீடு திரும்பும் வழியில் நம் பிள்ளையிடம் முதலில் ஒரு கேள்வி கேட்போம்: உனக்கு எது பிடித்தது? அதன் பதிலை இறுதிவரை கேட்டபின், வேறொரு மாலையில் பழைய படத்தையும் எடுத்துவைத்துச் சேர்ந்து பார்ப்போம். நம் இளமையின் கதையை நம் பிள்ளைக்குச் சொல்ல அதைவிட நல்ல நேரம் நமக்கு வாய்க்காது.