சுவருக்குள் போகும் கம்பி

 

2020 மார்ச்சில் நமது நாட்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. பின்னர் பாடசாலைகள் திறந்தன. ஆனாலும் டியூஷன் வகுப்பும், பிள்ளைகளின் ஓதல் வகுப்பும், கடல் கடந்து உழைக்கும் கணவரோடு முகம் பார்த்துப் பேசுவதும் இன்டர்நெட் வழியாகவே இன்னும் பல வீடுகளில் நடக்கின்றன.

மௌலவிக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அந்நாட்களில் மேல்மாடி அறையில் கணினி முன் அமரும் என் மகள், “லைன் அறுந்து போகுது வாப்பா” என்று அடிக்கடி சொல்வாள். பாடத்தில் மனமில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று எண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் கணினியைக் கீழே கொண்டுவந்து, ரவுட்டருக்கு அருகில் வைத்து, வேறொரு சிறிய கேபிளால் இணைத்தோம். இரண்டு மணிநேரம் ஒருமுறையேனும் அறுபடவில்லை. குற்றம் பிள்ளையிடம் இருக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிச் சுவருக்குள் போட்ட கேபிளில் இருந்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். தீய எண்ணம் கொள்ளாதீர்கள் என்று மாணவர்களுக்குப் போதிப்பவன், தன் வீட்டில் அதை மறந்திருந்தேன்.

அந்தக் கேபிளை வெட்டிப் பார்த்தபோது, வெளியே செம்பு நிறம். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருந்தார்கள்! இத்தகைய கம்பி எளிதில் முறியும், மின்தடையும் அதிகம். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் என் நினைவுக்கு வந்தது. ஆகவே வாங்குமுன் “முழுச் செம்பா?” என்று கேளுங்கள். பெட்டியில் ‘சீ.சீ.ஏ.’ என்ற எழுத்துக்கள் இருந்தால் அது பூச்சுக் கம்பிதான். சந்தேகமிருந்தால் சிறு துண்டைச் சுரண்டிப் பாருங்கள்.

எந்த ரகம் வாங்குவது? சாதாரண வீட்டுக்கு ‘கேட் 5ஈ’ போதும். அது 100 மீற்றர் தூரம் வரை 1000 எம்.பீ.பீ.எஸ். வேகத்தைக் கொண்டு செல்லும். புதிதாக வீடு கட்டுவோர் சிறிது கூடுதலாகச் செலவிட்டு ‘கேட் 6’ போடலாம். சுவரை மீண்டும் உடைக்க நேராது. அதற்கும் மேலான ரகங்களுக்குப் பணம் கொடுப்பது நம் வீடுகளுக்கு வீண்விரயமே. சுவருக்குள் போடுவதற்கு ஒற்றைக் கம்பி கொண்ட கேபிளும், மேசையில் அசைந்து கிடப்பதற்குப் பல மெல்லிழைகள் கொண்ட கேபிளும் ஏற்றவை.

வேலைக்கு ஆள் வரும்போது வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். எனவே பின்வருவனவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

1. மின்சார வயர் செல்லும் பைப்பில் இதைப் போடவிடாதீர்கள். தனிப் பைப் வேண்டும்; பக்கத்தில் செல்வதானால் ஓரடி இடைவெளியாவது இருக்கட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

2. மூலைகளில் மடித்து நசுக்கக்கூடாது. ஓர் அங்குலத்துக்குக் குறையாத வளைவு வேண்டும்.

3. உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். இடையூறு ஓசையைத் தடுப்பதற்காக 1881ஆம் ஆண்டில் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உபாயம் அது. முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கை அவிழ்க்கக்கூடாது.

4. பிளக்கில் நிற வரிசை இதுதான்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். கேபிளின் இரு முனைகளிலும் ஒரே வரிசை இருக்கவேண்டும்.

5. கூலி கொடுக்குமுன் சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றனவா என்று பாருங்கள். ரவுட்டரும் கணினியும் 1000 வேகத்துக்குரியவையாக இருந்தும் கணினி 100 என்றே காட்டினால், ஏதோவொரு கம்பி சரியாகத் தொடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இன்னுமொன்று. பக்கத்து வளவில் இருக்கும் மகளின் வீட்டுக்கு இந்தச் செம்புக் கேபிளை வெளியால் இழுக்காதீர்கள். நம் நாட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் அதிகம். மின்னலின் தாக்கம் அந்தக் கம்பி வழியாக இரு வீடுகளுக்குள்ளும் வரக்கூடும். இரு வீடுகளுக்கிடையில் கண்ணாடி இழைக் கேபிளோ கம்பியில்லா இணைப்போதான் பாதுகாப்பானது. வானம் இருளத் தொடங்கும்போதே ரவுட்டரின் மின்பிளக்கையும் வெளியிலிருந்து வரும் லைனையும் கழற்றிவிடுங்கள்; இடி முழங்கத் தொடங்கிய பின் அவற்றில் கைவைக்காதீர்கள்.

முடிந்தால் ஒரு முனையை நடு ஹோலுக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளை படிப்பதை நீங்கள் சமையலறையிலிருந்தே காணலாம், அவளும் தனித்திருக்கமாட்டாள். அடுத்த முறை “லைன் போகுது உம்மா” என்று பிள்ளை சொன்னால், கோபிக்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.